நூற்று இருபது அடி

பால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
கடையின் தள்ளுவண்டிகள்
ஒன்றுக்குள் ஒன்று இடித்துச் செருகும் ஓசை
என் சமையலறை வரை வரும்.
புறாவுக்கு நூற்று இருபது அடி.
காருக்கு இரண்டே முக்கால் மைல்.
நடப்பவனுக்கு எவ்வளவு என்று
வரைபடத்தில் எங்கும் எழுதவில்லை.

எனக்குத் தெரியும், வரைந்தவன் நான்.
எண்பத்தாறில், டூசான் நகரின் கிழக்கு விளிம்பு
வெறும் முட்புதராக இருந்தபோது.
தெருக்களை மரக்கிளைபோல் போட்டிருக்கிறாய் ஆர்லோ
என்று மேலதிகாரி தோளில் தட்டினார்.
கிளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை.
இலையிலிருந்து பக்கத்து இலைக்குப் போக
அடிமரம் வரை இறங்கி ஏற வேண்டும்.
ஒவ்வொரு நுனியிலும் ஒரு வட்டம்,
தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்கு.
அன்று அது எனக்கு மிக அழகாக இருந்தது.
அங்கேயே ஒரு வீடும் வாங்கினேன்.

இப்போது எழுபத்தொன்று.
எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி.
மார்ச்சில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.
கவுண்டரில் இருந்த பெண் கனிவானவள்,
மூன்றாம் வரியை இரண்டு முறை வாசிக்கவிட்டாள்.
பிறகு கேட்டாள்:
வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்?

பக்கத்து வீட்டு மாரிசெலா ஒச்சோவா.
நான்கு பேர், நான்கு கார்.
ஆடம்பரம் என்று முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு.
பள்ளிக்கு ஒரு கால், பாலுக்கு ஒரு கால்,
மருத்துவமனை இரவுப் பணிக்கு இரண்டு.
சம்பளத்தில் பாதி அந்தக் கால்களுக்கே போகிறது.

ஆகஸ்டில் புழுதி எழுந்து, பின்னாலேயே மழை வந்தது.
இரவு இரண்டு மணிக்குப்
பத்தடிச் சுவர் படுத்துவிட்டது.
விடிந்ததும் ஒரு சிறுவன் கற்களின் மேல் தாவிப் போய்
வாயில் சர்க்கரையோடு திரும்பினான்.

மூன்றாம் நாள் மாரிசெலாவின் வெள்ளைக் காரின் கண்ணாடியில்
பூனையின் கால்தடம்.
ஏழாம் நாளும் அதே தடம்.
இருபது வருடமாக நீலப் பிக்கப் என்று நான் அறிந்தவருக்கு
டெல்மர் என்று பெயர், இடக்கால் சற்று இழுக்கும்.
நான் கோலைத் தட்டித் தட்டி
நூற்று முப்பத்தெட்டு எட்டில் ரொட்டிக்குப் போனேன்.
தேவையில்லாமல் ஓர் எலுமிச்சை வாங்கினேன்,
மறுநாள் அதைத் திருப்பித் தரும் சாக்கில் மறுபடியும் போக.

பத்தாம் நாள் சங்கத்தின் கூட்டம்.
பாதுகாப்பு என்றார்கள், வீட்டின் விலை என்றார்கள்.
எழுந்து சொன்னேன்:
அந்தக் கோட்டைப் போட்டவன் நான். தப்பாகப் போட்டேன்.
யாரோ கேட்டார்:
அப்படியென்றால் இங்கே ஏன் வீடு வாங்கினீர்கள்?
அப்போது எனக்குக் கண் தெரிந்தது, என்றேன்.
கொஞ்சம் சிரித்தார்கள்.
பத்தொன்பதுக்குப் பதினான்கு, சுவர் ஜெயித்தது.
கூட்டத்துக்கான கேக்கை
அந்த இடுக்கு வழியாகத்தான் நடந்து போய் வாங்கி வந்திருந்தார்கள்.

கொத்தனார் பாதி நாளில் முடித்துவிட்டார்.
புதுச் சிமெண்டு மட்டும் சற்று வெளுப்பு,
என் கண்ணுக்கே தெரிகிற அளவு.
திங்கள் காலை ஆறு மணிக்கு
மாரிசெலா கண்ணாடியைத் துடைக்கும் நீர்ச்சத்தம்,
பிறகு இஞ்சின்கள், வீடு வீடாக.

ஒரு தள்ளுவண்டி இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.
கொண்டுபோய்க் கொடுக்க இரண்டே முக்கால் மைல்,
நடைபாதை இல்லாத ஆறு தடச் சாலை.
டெல்மரின் பிக்கப்பில் ஏறும்.
அவர் இன்னும் ஏற்றவில்லை, நானும் கேட்கவில்லை.
தீயணைப்பு வண்டிக்காக நான் வரைந்த வட்டத்தில்
அது நிற்கிறது.
இரவில் காற்றடித்தால்
ஒரு சக்கரம் மட்டும் கிரீச்சிட்டுத் திரும்புகிறது.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
மற்றவை பதிலுக்கு இடித்துக்கொள்கின்றன.